வற்றநேர முறைப்பட்டியல்

கலீசியாவில் எங்கள் கழிமுகம்
நாளுக்கு இரண்டு முறை வற்றும்.
வாளியும் மண்வாரியுமாய்
முழங்கால் சேற்றில் இறங்குவோம்
மட்டி பொறுக்கும் பெண்கள், நாற்பத்தொரு பேர்.

தெல்மிரா மட்டும் ஒரு புட்டியும் கொண்டு வருவாள்.
காகித ஆலையின் மூன்றாம் குழாயருகே குனிந்து
தண்ணீர் மொள்வாள்.
தேதி, நேரம், காற்று எந்தப் பக்கம்,
பென்சிலால் எழுதி ஒட்டுவாள்.
பத்தொன்பது வருடம்.
அவள் சமையலறை அலமாரியில்
எண்ணெய்க்கும் உப்புக்கும் இடமில்லை.

மாட்ரிட்டுக்கு எழுதினாள். பிரஸ்ஸல்ஸுக்கு எழுதினாள்.
வந்த பதிலெல்லாம்
‘கடிதம் கிடைத்தது’ என்ற பதில்.

நாங்கள் என்ன செய்தோம்?
மெச்சினோம்.
ஊருக்கு இப்படி ஒருத்தி வேண்டும் என்றோம்.
ஒருத்தி போதும் என்பதை
அவ்வளவு அழகாகச் சொல்லத் தெரிந்திருந்தது.
கார்மே மாதா திருநாளில் மேடையேற்றி
வெண்கலத் தகடு கொடுத்தோம்.
தட்டிய கைகளில் ஒன்றுகூட
ஒரு புட்டியைப் பிடித்துப் பார்த்ததில்லை.
என்னுடையவையும்தான்.

ஜனவரியில் பாசி வழுக்கி
அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்தது.
இரண்டு நாள் கழித்து, மாலை வற்றத்தில்,
மூன்றாம் குழாய் மஞ்சளாய்க் கக்கியது.
எல்லோரும் பார்த்தோம்.
பிறகு எல்லோரும் திரும்பி
அவள் வழக்கமாய் நிற்கும் இடத்தைப் பார்த்தோம்.

ஒப்துலியாதான் போனாள்.
வீரமெல்லாம் இல்லை, அவளிடம்தான்
காலியான காப்பிக் குடுவை இருந்தது.
மறுநாள் வற்றம் காலை ஐந்தேகாலுக்கு.
அவளுக்கு அந்நேரம் மீன்சந்தை. என்னைப் பார்த்தாள்.
மறுக்க ஒரு காரணம் தேடினேன்,
அந்தக் குளிரில் சட்டென்று ஒன்றும் அகப்படவில்லை.

அப்புறம் கூட்டங்கள்.
ஐயோ, அந்தக் கூட்டங்கள்!
ஏலக்கூடத்தில் மீன்பெட்டிகளைக் கவிழ்த்து உட்கார்ந்து
சாவி யாரிடம் இருப்பது என்று ஒரு மணி நேரம்.
சபேலாவின் கணவன் ஷகோபேக்கு ஆலையில் வேலை.
இரண்டு முறை அழுதுகொண்டே எழுந்து போனவள்
மூன்றாம் முறை அவனையும் இழுத்து வந்தாள்.
எந்த வால்வு எந்த இரவில் திறக்கும் என்று
தன் காலணியைப் பார்த்தபடி சொன்னான்.

தெல்மிராவின் கனவு நேராக நடந்தது.
எங்களுடையது நண்டு,
பக்கவாட்டில்தான் போகும்.
ஆனால் கால்கள் நிறைய.
ஒன்று ஒடிந்தாலும் போகும்.

ஜூனில் ஆலை மேலாளர் கேட்டார்,
“உங்கள் தலைவி யார்?”
ஒருவரையொருவர் பார்த்தோம்.
“இன்றைக்கு யார் முறை?” என்றாள் ஒருத்தி.
சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.
ஒருத்தி என்றால் அவருக்கு வழி தெரியும்:
தகடு கொடுக்கலாம், வழக்குப் போடலாம்.

மூன்றாம் குழாயை மூடியிருக்கிறார்கள்.
மற்ற இரண்டும் ஓடுகின்றன.
மட்டி இன்னும் முழுசாகத் திரும்பவில்லை.

ஊன்றுகோலோடு வந்த தெல்மிரா
எங்கள் புட்டிகளைப் பார்த்து முகம் சுளித்தாள்.
இதெல்லாம் ஒரு கையெழுத்தா?
காற்றின் திசையை எழுதாமல் விட்டது யார்?
திட்டிக்கொண்டே பட்டியலில்
வியாழனுக்கு நேரே தன் பெயரை எழுதினாள்,
எங்கள் பெயர்களின் அளவிலேயே.

போன வியாழன் அவள் வரவில்லை.
வற்றம் நாலரைக்கு. நல்ல மழை.
விடிந்ததும் பயந்துபோய்க் கதவைத் தட்டினேன்.
கலைந்த தலையோடு திறந்தாள்.
“தூங்கிவிட்டேன்” என்றாள்,
திருடி அகப்பட்டவள் போல.
“பத்தொன்பது வருடத்தில் ஒரு நாள்கூட…”
சட்டென்று: “தண்ணீர்?”

கோட்டுப் பையிலிருந்து புட்டியை எடுத்து நீட்டினேன்.
சன்னலருகே போய்ப் படித்தாள்.
ஷகோபேயின் கோணல் எழுத்து.
தேதி. நேரம்.
காற்று, தென்மேற்கு.